மைனஸ் ஐம்பது மில்லிகிராமும் இரண்டாவது மேஜரும்

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். பயன்பாட்டுக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டாவது மேஜர், அதாவது அதே பட்டத்துக்குள் இன்னொரு முதன்மைப் பாடம், எடுக்கிறாளா, எடுத்தால் எது என்று இந்த செமஸ்டர் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "அத்தை, ஒரு டேபிள் போட்டு வெச்சிருக்கேன், பாக்கறீங்களா?" என்றாள். அனுப்பினாள். கணினி அறிவியல், புள்ளியியல், பொருளாதாரம், இயற்பியல், உயிரியல் என்று ஐந்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே கூடுதலாக எத்தனை பாடம், என்ன வேலை கிடைக்கும், எவ்வளவு கஷ்டம் என்று மூன்று கட்டம். கஷ்டம் என்ற கட்டத்தில் ஐந்துக்குமே "நடுத்தரம்" என்று போட்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். போனை வைத்த பிறகும் சொல்ல நினைத்தது பாதி மிச்சமிருந்தது. அவளைப் போலவே இன்னும் பலர் இதே டேபிளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது பயன்பாட்டுக் கணிதமும் புள்ளியியலும். இப்போது பார்க்கும் வேலைக்கு ஃபார்மகோமெட்ரிக்ஸ் என்று பெயர். ஒரு மருந்து உடம்புக்குள் போனால் ரத்தத்தில் எவ்வளவு நேரம், எந்த அளவில் இருக்கும்? சிறுநீரகம் பாதி மட்டுமே வேலை செய்பவருக்கு டோஸை எவ்வளவு குறைக்க வேண்டும்? பெரியவர்களிடம் சோதித்த மருந்தைக் குழந்தைக்கு எப்படிக் கணக்கிட்டுக் கொடுப்பது? இவற்றுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகளையும் புள்ளியியலையும் வைத்து விடை தேடும் வேலை. படிக்கும்போது இப்படி ஒரு துறை இருப்பதே எனக்குத் தெரியாது. அது என் கண்ணில் பட்டது கடைசி ஆண்டு புராஜெக்டில்.

மூன்று பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் அது. ஊசி மூலம் ரத்தத்தில் ஏற்றிய மருந்து எப்படிக் குறைகிறது என்று ஒரு மாடல் செய்ய வேண்டும். மருந்து முதலில் ரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் வேகமாக இறங்கும், அப்புறம் மெதுவாக வெளியேறும். வேகமான பகுதியை மட்டும் ஒற்றைச் சமன்பாடாகச் சுருக்கிச் சொல்கிறேன். குறையும் வீதம் மணிக்கு 6. நான் எழுதிய புரோகிராம் காலத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, அதாவது கால் மணி நேரமாக வெட்டிக்கொண்டு ஆய்லர் முறையில், அதாவது துண்டின் தொடக்கத்தில் மருந்து குறையும் வேகமே துண்டு முழுக்க நீடிப்பதாக எடுத்துக்கொண்டு, கணக்கிட்டது. ஆறைக் கால் மணியால் பெருக்கினால் 1.5. ஒவ்வொரு துண்டிலும் புதிய அளவு என்பது பழைய அளவு பெருக்கல் (1 − 1.5). நூறு மில்லிகிராமில் தொடங்கினால் அடுத்தது மைனஸ் 50. அதற்கடுத்து 25. அப்புறம் மைனஸ் 12.5.

இரண்டு நாள் மாலை முழுக்க எங்கோ பிளஸ் மைனஸ் மாறிவிட்டது என்று நினைத்துக் குறிகளைத் தேடினேன். எல்லாம் சரியாகவே இருந்தன. வரைபடத்தைப் பார்த்தால் மேலும் கீழும் ஆடி ஆடி அழகாக அடங்கியது. ஸ்பிரிங் கணக்கில் அப்படி வரும் அல்லவா? அதனால் அது எனக்கு உறுத்தவே இல்லை. "அலைவுற்றுத் தணிகிறது" என்று அறிக்கையில் ஒரு வரிகூட எழுதிவிட்டேன்.

எங்கள் குழுவில் ஒருத்தி உயிரியலை இரண்டாவது மேஜராக எடுத்திருந்தாள். என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல மைனஸ் அம்பது மில்லிகிராம் மருந்து எப்படி இருக்கும்?" என்றாள். அடுத்து இன்னொன்று கேட்டாள். "இது ஏழு நிமிஷத்துல பாதியாயிடற மருந்து. அதை எதுக்குப் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்கற?"

ஏழு நிமிடம் என்பது சரி. 0.693-ஐ 6-ஆல் வகுத்தால் மணிக்கணக்கில் அரை ஆயுள் வந்துவிடும், ஏறக்குறைய ஏழு நிமிடம். எண்ணியல் பகுப்பாய்வு வகுப்பில் நிலைத்தன்மை என்று தனி அத்தியாயமே படித்திருந்தேன். வீதத்தையும் துண்டின் அளவையும் பெருக்கினால் ஒன்றைத் தாண்டக்கூடாது, தாண்டினால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும், இரண்டைத் தாண்டினால் வெடித்துவிடும் என்று தேர்விலும் எழுதியிருக்கிறேன். அந்த அத்தியாயத்தைப் படித்தவள் நான். அது தேவைப்படும் இடத்தைப் பார்த்தவள் அவள்.

துண்டை மூன்று நிமிடமாகக் குறைத்தோம். நூறு எழுபதாகி, நாற்பத்தொன்பதாகி ஒழுங்காக இறங்கியது. பிறகு துண்டின் முடிவில் இருக்கும் வேகத்தை வைத்துக் கணக்கிடும் உட்கிடை ஆய்லர் முறையில், பதினைந்து நிமிடத் துண்டையே வைத்துப் பார்த்தோம். நூறை 2.5-ஆல் வகுக்க 40 வந்தது. உண்மையில் பதினைந்து நிமிடம் கழித்து இருக்க வேண்டியது 22-க்குச் சற்று மேல். மூன்று நிமிடத் துண்டில் 17 வந்தது, இன்னொன்றில் 40. இரண்டும் துல்லியமில்லை. ஆனாலும் ஒரு மனித உடம்பில் இருக்கக்கூடிய எண்கள். அங்கிருந்து துல்லியத்தை நோக்கிப் போகலாம்.

அண்ணன் மகளிடம் இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன். இரண்டாவது மேஜரை எதற்காக எடுக்கிறோம் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றே. கணிதம் ஏற்கெனவே நிறைய வழிமுறைகளைத் தருகிறது. வந்திருக்கும் விடை நடக்கிற காரியமா, எந்தக் கேள்வியைக் கேட்டால் பிரயோஜனம் உண்டு என்று சொல்லும் கண் வேறெங்கிருந்தோ வரவேண்டியிருக்கிறது. "எந்தத் துறையோட அழுக்குல கையை வெக்க உனக்குப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவள் டேபிளில் கட்டம் இல்லை.

சரி, ஒவ்வொன்றாக வருகிறேன். நான் எடுத்த புள்ளியியலே முதலில்.

பயன்பாட்டுக் கணிதத்தோடு மிகச் சுலபமாகச் சேர்வது புள்ளியியல். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம் எல்லாம் இரண்டுக்கும் பொது. எனக்கு ஏழு பாடம் மட்டுமே கூடுதலாகத் தேவைப்பட்டது. அதனால் எடுத்தேன், இதுதான் உண்மையான காரணம். இன்று யாராவது அதே காரணத்துக்காக எடுக்கப் போகிறேன் என்றால் ஒரு வாரம் பொறுத்துவிட்டு யோசியுங்கள் என்பேன். சுலபமாகச் சேர்கிறது என்பதற்கு இன்னொரு அர்த்தம், இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்து உலகத்தைப் பார்க்கின்றன என்பது. மைனஸ் ஐம்பதை நான் ஒத்துக்கொண்டதற்கும் புள்ளியியல் என்னிடம் எந்த ஆட்சேபமும் சொல்லவில்லை.

ஆனால் புள்ளியியல் தந்த ஒன்றை இன்றுவரை தினமும் பயன்படுத்துகிறேன். இந்த எண் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்கும் பழக்கம். ரத்தத்தில் மருந்தை அளக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கீழ் வரம்பு உண்டு. ஒரு மில்லிலிட்டரில் 0.5 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் ஆய்வகத்திலிருந்து எண் வராது, "வரம்புக்குக் கீழே" என்று மட்டும் வரும். புதிதாகச் சேருபவர்கள் அந்த வரிகளை முதலில் அழித்துவிடுவார்கள். அழித்தால் என்ன ஆகிறது? ஒரே நேரத்தில் பத்துப் பேரிடம் எடுத்த ரத்தத்தில், மருந்து சீக்கிரம் வெளியேறிய ஆறு பேர் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்கள். மெதுவாக வெளியேற்றும் நான்கு பேர் மட்டும் மிஞ்சுகிறார்கள். வரைபடத்தின் வால் தட்டையாகிறது. மருந்து உடம்பில் உண்மையில் இருப்பதைவிட அதிக நேரம் தங்குவதாகத் தெரிகிறது. அழிப்பதற்குப் பதில் பூஜ்யம் என்று போட்டாலும் தப்பு, பூஜ்யத்துக்கு மடக்கை எடுக்க முடியாது. "0.5-க்குக் கீழே ஏதோ ஒன்று" என்பதை அப்படியே நிகழ்தகவாகச் சேர்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுத்தது வாழ்நாள் தரவுப் பகுப்பாய்வு என்ற ஒரு பாடம். அந்த ஒரு பாடத்துக்காகவே நான் புள்ளியியல் படித்ததாக நினைத்துக்கொள்வது உண்டு.

நான் இருக்கும் துறையே இரண்டு கண்கள் சேர்ந்து உருவானது. நிறையப் பேரின் தரவை ஒன்றாக வைத்து, ஆளுக்கு ஆள் மருந்து ஏன் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று கணிக்கும் முறையை 1970-களில் வளர்த்தவர் லூயிஸ் ஷைனர் என்ற மருத்துவர். அவரோடு சேர்ந்து உழைத்தவர் ஸ்டூவர்ட் பீல் என்ற புள்ளியியலாளர். அவர்கள் எழுதிய நான்மெம் என்ற மென்பொருள் இன்றும் ஓடுகிறது, என் மேசையிலும்.

அடுத்து கணினி அறிவியல். டேபிளில் அவள் முதலில் எழுதியிருந்தது இதைத்தான், ஏனென்றால் வேலை என்ற கட்டத்தில் அதற்குத்தான் நிறைய எழுத முடிந்தது. இதில் என் கருத்து கொஞ்சம் கறார். கோடிங் தெரியாமல் இன்று பயன்பாட்டுக் கணிதம் படிப்பதில் அர்த்தமில்லை, அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. பைத்தான் மொழி, தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் எஸ்க்யூஎல், கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மூன்றும் கை பழகியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முழு மேஜர் தேவையில்லை. புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், டேட்டாபேஸ் என்று நான்கு பாடம் ஒழுங்காகப் படித்தால் கணிதப் பக்கத்து வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

அப்படியென்றால் கணினி அறிவியலை யார் எடுக்க வேண்டும்? எண்ணியல் பகுப்பாய்வு முதல் வகுப்பில் பேராசிரியர் 1991-இல் நடந்ததைச் சொன்னார். வளைகுடாப் போரின்போது பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒன்று, பாய்ந்து வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் நொடியில் பத்தில் ஒரு பங்காகக் காலத்தை எண்ணியது. 0.1 என்ற எண்ணை இரும முறையில் முடிவுள்ள இலக்கங்களில் எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். வெட்டியதில் போனது துளியிலும் துளி. ஆனால் நிறுத்தாமல் நூறு மணி நேரம் ஓடியதில் அது சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு நொடி ஆகிவிட்டது. அவ்வளவு வேகத்தில் வரும் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். இதைக் கேட்டதும் அந்த எண் இயந்திரத்துக்குள் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்கத் துடிக்கிறவர்கள் உண்டு. கம்பைலர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கணினிக் கட்டமைப்பு எல்லாம் அவர்களுக்குச் சந்தோஷமான பாடங்கள். கணிதத்தோடு கணினி அறிவியலைச் சேர்த்து அவர்கள் செய்யும் வேலை, பெரிய சிமுலேஷன்களை ஆயிரக்கணக்கான பிராசசர்களில் ஓட வைப்பது போன்றவை, வேறு யாராலும் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது. வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் எடுத்தவர்கள் அந்தப் பாடங்களில் இரண்டு ஆண்டு தள்ளாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இயற்பியலைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். "அதுல வேலை இல்லையே அத்தை" என்றாள். இயற்பியல் படித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். சமன்பாட்டைத் தொடுவதற்கு முன்பே விடை ஆயிரத்தில் இருக்குமா, பத்தில் இருக்குமா என்று சொல்லிவிடுவார்கள். சமன்பாட்டின் எந்த உறுப்பை விட்டுவிடலாம் என்பது அவர்கள் விரல் நுனியில் இருக்கும். கணிதத்தில் எங்களுக்கு எல்லா உறுப்புகளும் சமம்.

வானிலைக் கணிப்பின் தொடக்கத்தை அவளுக்கு இதற்காகவே சொன்னேன். லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை செய்துகொண்டே, வானிலையைச் சமன்பாடுகளால் கணிக்க முயன்றார். 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் பதிவான அளவீடுகளை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்துக்கான காற்றழுத்த மாற்றத்தைக் கையால் கணக்கிட்டார். கணக்குக்கே ஏறக்குறைய ஆறு வாரம் ஆயிற்று. விடை, அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை. அவர் அதை மறைக்காமல் 1922-இல் அப்படியே வெளியிட்டார். எனக்கு அவர் மீது பெரிய மரியாதை. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அவர் முறை அடிப்படையில் சரி என்றே சொன்னார்கள். தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று சமநிலையில் இல்லை. அதனால் வானிலைக்குச் சம்பந்தமில்லாத வேகமான அலைகள் கிளம்பி, கணக்கு முழுவதையும் அடித்துப் போய்விட்டன.

1950-இல் எனியாக் கணினியில் முதல் வெற்றிகரமான கணிப்பைச் செய்த குழுவில் ஜான் வான் நாய்மன் என்ற கணிதவியலாளரும் ஜூல் சார்னி என்ற வானிலை அறிஞரும் இருந்தார்கள். அந்த வேகமான அலைகளே வராதபடி எளிமையாக்கிய சமன்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். 24 மணி நேரக் கணிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. எதைக் கணக்கிலிருந்து விடலாம் என்று தெரிந்ததுதான் அங்கே பாதி வெற்றி. வளிமண்டலத்தைத் தெரிந்தவருக்கே அது தெரியும். இன்று பருவநிலை, கடல், காற்றாலை, மின் கட்டமைப்பு என்று இதே வகை வேலை எத்தனையோ இடங்களில் நடக்கிறது. விளம்பரத்தில் "இயற்பியல்" என்ற சொல் இருக்காது, அதனால் வேலை இல்லை என்று தோன்றுகிறது.

இரண்டு துறைகள் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையான கணிதத்தை யோஹான் ராடன் 1917-இலேயே எழுதி முடித்துவிட்டார். ஒரு பொருளின் ஊடே பல திசைகளில் எடுத்த கோட்டுத் தொகைகளிலிருந்து அந்தப் பொருளை எப்படி மீட்டெடுப்பது என்ற கணக்கு. ஆலன் கார்மக் என்ற இயற்பியலாளர் 1960-களில் எக்ஸ்-ரே படங்களுக்காக இதே கணக்கைத் தானாகவே முதலிலிருந்து போட்டு முடித்தார். ராடனைப் பற்றி அப்போது அவருக்குத் தெரியாது. பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டோடு அவருக்கு 1979-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. விடை நாற்பத்தைந்து ஆண்டுகளாக நூலகத்தில் தூங்கியிருக்கிறது. இரண்டு மேஜர் படித்த ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தால் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

உயிரியலைப் பற்றி நான் பேசினால் பாரபட்சமாக இருக்கும், இருந்தாலும் ஒன்று மட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, இருபது கிலோ குழந்தைக்கு டோஸ் கணக்கிடும் வேலை வந்தது. பெரியவர் எழுபது கிலோ, எனவே மருந்தை வெளியேற்றும் திறன் 29 சதவீதம் என்று நேர்விகிதத்தில் போட்டேன். உடம்பின் வேதி வேலைகள் எடையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, ஏறக்குறைய 0.75 அடுக்கில் ஏறும் என்று மேலாளர் திருத்தினார். அப்படிப் போட்டால் 39 சதவீதம். சரி, சூத்திரம் கிடைத்துவிட்டது என்று அடுத்து கைக்குழந்தைக்கும் அதையே போட்டேன். அதுவும் தப்பு. பிறந்த சில மாதங்களில் கல்லீரல் நொதிகளும் சிறுநீரகமும் இன்னும் முழுதாக முதிர்ந்திருக்காது, எடையை எந்த அடுக்குக்கு ஏற்றினாலும் அந்த முதிர்ச்சி அதில் வராது. தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டு ஆண்டு, வேலை முடிந்து வந்து இரவுகளில் உடலியங்கியல் படித்தேன். பத்தொன்பது வயதில், கேள்வி கேட்க ஒரு பேராசிரியர் எதிரில் நிற்கும்போது படித்திருக்க வேண்டியது.

பொருளாதாரம், நிதி பற்றிச் சுருக்கமாக. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் கணிதத்தோடு பொருளாதாரம் மிக நல்ல சேர்க்கை. அங்கே சேர்க்கைக் குழுக்கள் கணிதப் பாடங்களை, முக்கியமாக ரியல் அனாலிசிஸை (நுண்கணிதத்தை நிரூபணத்தோடு படிக்கும் பாடம்), உன்னிப்பாகப் பார்க்கும். லியோனிட் கான்டரோவிச் என்ற கணிதவியலாளர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் உற்பத்திக் கணக்கில் ஆரம்பித்து, 1939-இல் நேரியல் திட்டமிடலுக்கு (கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த ஒதுக்கீட்டைத் தேடும் கணிதம்) அடிபோட்டு, 1975-இல் பொருளாதார நோபலே வாங்கினார். ஆக்சுவரி, அதாவது காப்பீட்டு அபாயங்களைக் கணக்கிடுபவர், ஆக வேண்டும் என்றால் இரண்டாவது மேஜரைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. 1693-இல் எட்மண்ட் ஹாலி, ஆம், அந்த வால்நட்சத்திர ஹாலிதான், இறப்புப் பதிவுகளை வைத்து ஆயுள் அட்டவணை போட்ட காலத்திலிருந்து அது தனி வழியாக வளர்ந்திருக்கிறது. அதில் படிப்படியாகத் தொழில்முறைத் தேர்வுகளைத் தேறுவதுதான் கணக்கு. படிக்கும்போதே ஒன்றிரண்டைத் தேறிவிட்டால் அது எந்த மேஜரையும்விடக் கனமாக நிற்கும்.

வேலை தேடுவதைப் பற்றி ஒரு விஷயம். "பயன்பாட்டுக் கணிதவியலாளர் தேவை" என்று விளம்பரம் வருவது அபூர்வம். அதைப் பார்த்துவிட்டு இந்தப் படிப்புக்கு வேலை இல்லை என்று பயப்படுகிறார்கள். பதவிப் பெயரை விட்டுவிட்டுச் செயலைத் தேடச் சொன்னேன். மாடலிங், சிமுலேஷன், ஆப்டிமைசேஷன், ஃபோர்காஸ்டிங், ஷெட்யூலிங். இவற்றைப் போட்டுத் தேடினால் விமான ஊழியர்களுக்குப் பணி நேரம் ஒதுக்குவதிலிருந்து அறுவை சிகிச்சை அறைகளை அட்டவணைப்படுத்துவது வரை வரும். ஜார்ஜ் டான்ட்ஸிக் என்ற கணிதவியலாளர் நேரியல் திட்டமிடல் கணக்குகளுக்காக 1947-இல் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறையின் வாரிசுகள்தான் அங்கெல்லாம் பின்னால் ஓடுகின்றன. பிடித்த ஐந்து விளம்பரங்களை எடுத்து, கணிதம் தவிர வேறு என்ன கேட்கிறார்கள் என்று அடிக்கோடு போடச் சொன்னேன். அடிக்கோடுகள் ஒரே இடத்தில் குவிந்தால் அதுவே இரண்டாவது மேஜருக்குப் பாதிப் பதில்.

இனி நடைமுறை. இரண்டாவது மேஜரில் மாட்டிக்கொள்பவர்கள் பாடத்தின் கஷ்டத்தால் மாட்டிக்கொள்வதில்லை, வரிசையால் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பாடத்துக்கு முன்தேவையாக இன்னொன்று, அதற்கு முன்னால் வேறொன்று என்று நான்கு கண்ணி நீளச் சங்கிலி இருக்கும். அதில் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படும். அதைத் தவறவிட்டால் முழு ஆண்டு போய்விடும். அதனால் பாடங்களைப் பட்டியலாக எழுதாதே, அம்புக்குறி போட்டு வரை என்றேன். ஒரே பாடத்தை இரண்டு மேஜரிலும் கணக்குக் காட்ட எத்தனை பாடம் வரை அனுமதி என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுக் கடைசி செமஸ்டரில் இரண்டு பாடம் குறைகிறது என்று தெரிந்துகொண்ட வகுப்புத் தோழன் எனக்கு உண்டு.

ரியல் அனாலிசிஸ் பற்றி அவளோடு வாக்குவாதமே நடந்தது. "நான் அப்ளைடு தானே, நிரூபணம் எனக்கு எதுக்கு?" என்றாள். நானும் அப்படி நினைத்துத் தள்ளிப் போட்டவள்தான். ஒரு தொடர் ஒருங்குகிறதா, எந்த அர்த்தத்தில் ஒருங்குகிறது, எல்லையையும் தொகையையும் இடம் மாற்றலாமா என்று கேட்கும் பழக்கம் அந்த வகுப்பில்தான் வரும். கணினி எப்போதும் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். விடையே இல்லாத கணக்குக்கும் கொடுக்கும். மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் துளியாவது இருந்தால், இரண்டாவது மேஜருக்காக ரியல் அனாலிசிஸையோ பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையோ விட்டுவிடாதே என்று அடித்துச் சொன்னேன். அப்படி விட வேண்டி வந்தால் மேஜரை மைனராகக் குறைத்துக்கொள். ஐந்தாறு பாடத்தில் ஒரு துறையின் மொழி காதில் ஏறிவிடும். மீதியை வேலை கற்றுக்கொடுக்கும்.

இரண்டாவது மேஜரே வேண்டாம் என்று முடிவு செய்பவர்களையும் நான் ஆதரிக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு பேராசிரியரோடு ஆண்டு முழுக்க ஒரே பிரச்சினையில் உட்காருவது, ஒரு நல்ல இன்டர்ன்ஷிப், இவை சான்றிதழில் கூடுதல் வரியைவிட ஆளை மாற்றும். என்னை மாற்றியது ஏழு கூடுதல் பாடங்களா, அந்த ஒரு புராஜெக்டா என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

நேற்று இரவு அம்புக்குறி போட்ட படம் வந்தது. பெரிய தாள், மூன்று நிற மை. கணினி அறிவியலில் நான்கு பாடம் மட்டும் மிஞ்சியிருந்தது. உயிரியல் பக்கம் மைனராகச் சுருங்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ரியல் அனாலிசிஸும் உடலியங்கியலும் ஒன்றோடொன்று மோதுகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். ரியல் அனாலிசிஸ் ஆண்டுக்கு ஒருமுறை, உடலியங்கியல் இரண்டு செமஸ்டரிலும் உண்டு. ரியல் அனாலிசிஸை இப்போதே பதிவு செய் என்று பதில் போட்டேன். காலையில் பதில் வந்தது. பதிவு செய்துவிட்டாளாம். உடலியங்கியல் பேராசிரியரிடம் போய், வியாழக்கிழமை வகுப்பில் மட்டும் பின்னால் வந்து உட்காரட்டுமா என்று கேட்டதற்கு அவரும் சரி என்றாராம். இந்த வாரம் சிறுநீரகம் நடத்துகிறார்கள்.